வியன்னாவில் கோகெய்ன் நடை: ஓர் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸின் அனுபவம்

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில், தெருத்தெருவாக நடந்துகொண்டே கோகெய்ன் என்ற போதைப்பொருளின் கதையைக் கேட்கும் சுற்றுலா இது. முதலில் போக நினைப்பவர்களுக்குத் தேவையானதைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு 32 யூரோ. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது, முடியும்போது மணி ஒன்றேகால். ஒன்பது பேர் வந்திருந்தோம். விளக்கம் ஆங்கிலத்தில். ஷோட்டன்டோர் நிறுத்தத்தில் 43 அல்லது 44 ஆம் எண் டிராம் ஏறினால் பழைய பொது மருத்துவமனையின் வாசலுக்குப் பக்கத்தில் இறங்கலாம். அதன் முதல் முற்றத்தில்தான் கூட வேண்டும். நடத்துபவர் ஒரே ஒரு அம்மா. அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனி, அலுவலகம் எதுவும் கிடையாது. தனி மனுஷி என்பதால் பெயரைப் போடவில்லை. வியன்னாவில் கோகெய்ன் எப்படி மருந்தாக வந்தது, யாரை வாழவைத்தது, யாரைக் கொன்றது என்பதை அது நடந்த இடங்களிலேயே நின்று சொல்கிறார். அவ்வளவுதான் இந்தச் சேவை.

வியன்னாவில் இருக்கும் என் மகள்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். "அரண்மனையெல்லாம் அடுத்த வாரம் பார்க்கலாம், இது உனக்குத்தாம்மா" என்றாள். எனக்கு என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. மதுரையில் ஒரு கண் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் நான். "கொஞ்சம் எரியும் பாட்டி, அப்புறம் மரத்துப்போயிரும், அசையாதீங்க" என்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேனோ, கணக்கில்லை. அந்தச் சொட்டு மருந்தின் பெயர் ப்ரோபராகெய்ன். பல் பிடுங்கும்போது போடுவது சைலோகெய்ன். முதுகில் போடுவது புபிவகெய்ன். இந்த எல்லாப் பெயர்களின் வாலிலும் ஒரு 'கெய்ன்' ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று வேலையில் இருந்தவரை நான் யோசித்ததே இல்லை. கோகெய்னிலிருந்து வந்த வால் அது.

அந்த முற்றம் இப்போது பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. 1784-ல் இரண்டாம் யோசேப்பு பேரரசர் திறந்த மருத்துவமனை. மரங்கள், பெஞ்சுகள், சைக்கிளில் போகும் மாணவர்கள். உள்முற்றம் ஒன்றில் ஐந்து மாடி உயரத்துக்கு உருண்டையாக ஒரு கட்டடம் நிற்கிறது. மனநோயாளிகளை வைத்திருந்த கோபுரம் அது. அதைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டு, எங்களை ஒரு மரத்தடியில் உட்காரவைத்து அந்த அம்மா கார்ல் கோலரின் கதையை ஆரம்பித்தார்.

1884-ல் இந்த மருத்துவமனையில் இளம் டாக்டராக இருந்தவர் கோலர். வயது 26. கண் மருத்துவத்தில் இடம் பிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்தக் காலத்தில் கண்புரை அறுவையை எப்படிச் செய்தார்கள் என்று அந்த அம்மா ஒரு கேள்வியாகக் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். ஈதரும் குளோரோஃபாமும் இருந்தன. ஆனால் மயக்கம் தெளியும்போது நோயாளி வாந்தி எடுப்பார், குமட்டுவார். அந்த அழுத்தத்தில் அப்போதுதான் அறுத்த கண் என்ன ஆகும்? ஆகவே பெரும்பாலும் மயக்கம் கொடுக்காமல் ஆளைப் பிடித்துக்கொண்டுதான் அறுத்தார்கள். வலியில் கண் தானாக அசையும். எங்கள் தியேட்டரில் ஒரு பாட்டி தும்மினாலே டாக்டரின் கை நின்றுவிடும். கத்தி உள்ளே இருக்கும்போது வலியில் துடிக்கும் கண்ணை நினைத்துப் பார்க்கக்கூட என்னால் முடியவில்லை.

கோகெய்னை நாக்கில் வைத்தால் நாக்கு மரத்துப்போகும் என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். 1860-ல் கோகெய்னைப் பிரித்தெடுத்து எழுதிய நீமன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அதையும் எழுதிவைத்திருக்கிறார். அதைப் படித்தவர்கள் பலர். நாக்கு மரத்தால் கண்ணும் மரக்குமே என்று பிடித்துக்கொண்டவர் கோலர். செப்டம்பர் மாதம், ஸ்ட்ரிக்கர் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில், தூளைத் தண்ணீரில் கரைத்து முதலில் ஒரு தவளையின் கண்ணில் விட்டார். ஊசியால் தொட்டார், தவளை அசையவில்லை. அப்புறம் முயல், நாய். அப்புறம் அவரும் ஆய்வக உதவியாளர் கெர்ட்னரும் ஒருவர் கண்ணில் ஒருவர் விட்டுக்கொண்டு, குண்டூசித் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை.

செப்டம்பர் 15-ஆம் தேதி ஹைடல்பர்க் நகரில் கண் மருத்துவர்கள் மாநாடு. போய்வரக் கோலரிடம் பணம் இல்லை. பிரெட்டவர் என்ற வேறொரு டாக்டர்தான் அவர் கட்டுரையை எடுத்துப்போய்ப் படித்தார். சில மாதங்களுக்குள் உலகம் முழுக்க கண் அறுவை மாறிப்போனது. இதை அந்த அம்மா சொன்ன விதம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கையில் ஒரு காலி சொட்டு மருந்துப் பாட்டிலை வைத்துக்கொண்டு, தவளையிலிருந்து குண்டூசி வரைக்கும் நடித்தே காட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் இருபத்தாறு வருடம் செய்த வேலையின் முதல் நாள் இங்கேதான் நடந்திருக்கிறது, ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

சொல்லாமல் விடக்கூடாதது ஒன்று. அதே முற்றத்தில் அவர் ஒரு கப்பலைப் பற்றிச் சொன்னார். நோவாரா என்பது அதன் பெயர். ஆஸ்திரியக் கடற்படையின் போர்க்கப்பல், 1857-ல் டிரியெஸ்டே துறைமுகத்திலிருந்து அறிவியல் ஆராய்ச்சிக்காக உலகைச் சுற்றக் கிளம்பி 1859-ல் திரும்பியது. அந்தப் பயணத்தில் போன கார்ல் ஷெர்ட்சர் தென்னமெரிக்காவிலிருந்து கோகா இலைகளைக் கொண்டுவந்தார். அந்த இலைகள் ஜெர்மனியில் கெட்டிங்கன் நகரத்து வேதியியல் பேராசிரியர் வோலரிடம் போய், அவருடைய மாணவர் நீமன் கையில்தான் கோகெய்னாகப் பிரிந்தன. நீமன் அடுத்த வருடமே, 26 வயதில் இறந்துபோனார். இதைச் சொல்லிவிட்டு அந்த அம்மா என்னைப் பார்த்து, "நீங்கள் இந்தியாவில் எங்கே?" என்றார். தமிழ்நாடு என்றேன். "அப்படியென்றால் அந்தக் கப்பல் உங்கள் ஊர்ப் பக்கம் வந்திருக்கிறது" என்றார். 1858 தொடக்கத்தில் இலங்கையில் காலி துறைமுகம், அதை விட்டால் அடுத்து மெட்ராஸ். அப்போது மெட்ராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் நிற்க, அலைக்குள் மசூலாப் படகில்தான் கரைக்கு வரவேண்டும் என்று நான் சொன்னேன். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. உடனே நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். வருகிறவர்களிடமிருந்து கற்றுக்கொள்கிற வழிகாட்டி எனக்குக் கிடைத்தது இதுதான் முதல்முறை.

அங்கிருந்து வேரிங்கர் சாலை வழியாக நடந்து, பெர்க்காஸே தெரு பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றோம். பழைய துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்று இங்கே இருந்ததாம். அதற்குள்தான் புரூக்கே என்ற பேராசிரியரின் உடலியங்கியல் ஆய்வகம். அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அதனால் சுவரைப் பார்த்துக்கொண்டு கதை கேட்க வேண்டியிருந்தது, வண்டிச் சத்தம் வேறு. நடையின் மிக முக்கியமான பகுதியை இவ்வளவு சத்தமான இடத்தில் வைத்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். கொஞ்சம் தள்ளி ஒரு சந்துக்குள் போய் நின்றிருக்கலாம்.

அந்த ஆய்வகத்தில் எர்ன்ஸ்ட் ஃபிளைஷல் ஃபான் மார்க்ஸோ என்று ஒருவர் இருந்தார். பெரிய அறிவாளி. மூளையில் மின்னோட்டம் இருப்பதைப் பதிவு செய்து, அதை ஓர் உறையில் போட்டு முத்திரை வைத்து 1883-லேயே அறிவியல் கழகத்தில் ஒப்படைத்தவர். 25 வயதில் பிணப் பரிசோதனை செய்யும்போது கையில் நோய்த்தொற்று ஏறி, கட்டைவிரலை எடுக்க வேண்டி வந்தது. வெட்டிய இடத்தில் நரம்பு முண்டு முண்டாக வளர்ந்தது; திரும்பத் திரும்ப அறுத்தார்கள்; வலி விடவேயில்லை. வலிக்கு மார்ஃபின் போட்டார். மார்ஃபின் அவரைப் பிடித்துக்கொண்டது. பகலில் பாடம் எடுப்பார், ஆராய்ச்சி செய்வார், எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். இரவில் தூக்கம் வராமல் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்திருப்பார்.

அவருடைய நண்பர், அவரை வணங்காத குறையாக நேசித்தவர், 28 வயது டாக்டர் ஒருவர். பின்னாளில் மனப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிப் புகழ்பெற்ற சிக்மண்ட் ஃபிராய்ட். அவரிடம் காசில்லை, நிச்சயித்த பெண் ஹாம்பர்க் பக்கத்தில் இருக்கிறாள், ஒரு பெரிய கண்டுபிடிப்பு செய்தால் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்ற தவிப்பு. டார்ம்ஸ்டாட்டிலிருந்த மெர்க் கம்பெனியில் கோகெய்ன் வாங்கினார். ஒரு கிராம் 33 குரோய்ட்சர் இருக்கும் என்று நினைத்தால் 3 குல்டன் 33 குரோய்ட்சர் ஆனதாம், நூறு குரோய்ட்சர் சேர்ந்தது ஒரு குல்டன். ஏழை டாக்டருக்கு அது பெரிய தொகை. தானே சாப்பிட்டுப் பார்த்தார், சோர்வு போய் உற்சாகம் வந்தது. 1884 ஜூலையில் கோகா பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். மார்ஃபின் பழக்கத்தை விடவைக்க கோகெய்ன் உதவும் என்று அதில் சொன்னார். அதற்கு அவர் ஆதாரமாக எடுத்துக்கொண்டவற்றில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் வந்த குறிப்புகள் முக்கியமானவை. அந்தப் பத்திரிகை பார்க் டேவிஸ் என்ற மருந்துக் கம்பெனி முதலாளியுடையது. அந்தக் கம்பெனி கோகா மருந்துகளை விற்றுக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் அந்த அம்மா குரலை உயர்த்தினார். அவரும் நாற்பது வருடம் கவுன்டரில் நின்றவர். விற்பவன் அச்சடித்துக் கொடுத்த தாளை டாக்டர் நம்பினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஃபிராய்ட் தன் நண்பருக்கு 1884 மே மாதமே கோகெய்ன் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். முதல் சில நாட்கள் அற்புதமாக இருந்தது. அப்புறம் ஃபிளைஷல் அளவைக் கூட்டினார், ஊசியில் போட்டுக்கொண்டார். ஒரு வருடத்துக்குள் நாளொன்றுக்கு ஒரு கிராம் வரை போய்விட்டது. மூன்று மாதத்தில் 1,800 மார்க் செலவு என்று ஃபிராய்ட் தன் வருங்கால மனைவிக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறதாம். தோலுக்கு அடியில் பூச்சிகள் ஊர்வதாக ஃபிளைஷல் பிய்த்துக்கொண்டார். பாம்புகளைக் கண்டார். ஃபிராய்ட் பல இரவுகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஒன்றும் செய்ய முடியவில்லை. மார்ஃபினும் போகவில்லை, கோகெய்னும் சேர்ந்துகொண்டது. 1891-ல், 45 வயதில் ஃபிளைஷல் இறந்தார்.

ஒரே வருடம், ஒரே ஊர், கூப்பிடு தூரத்தில் இரண்டு ஆய்வகங்கள். ஒன்றில் அந்தத் தூள் தவளையின் கண்ணில் விழுந்து கோடிக்கணக்கான பேரின் வலியை எடுத்தது. இன்னொன்றில் ஒரு நல்ல மனிதரைத் தின்றது. இது எப்படி என்று குழுவில் ஒரு மாணவன் கேட்டான். அந்த அம்மா பதில் சொன்னதை நான் என் மொழியில் சொல்கிறேன். கோகெய்ன் இரண்டு வாசல்களை அடைக்கும். நரம்பில் வலிச் செய்தி ஓடும் வாசல் ஒன்று. அதை அடைத்தால் அந்த இடம் மரத்துப்போகும். மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் வேலை முடிந்ததும் திரும்ப உறிஞ்சப்படும் வாசல் இன்னொன்று. அதை அடைத்தால் டோபமைன் தேங்கி நின்று, பசி, களைப்பு, பயம் எல்லாம் மறைந்து உச்சத்தில் இருப்பதுபோலத் தோன்றும். ஒரு மணி நேரத்துக்குள் வேகமாக இறங்கும். இறங்கும்போது இருந்த இடத்துக்கும் கீழே போகும். மறுபடி வேண்டும் என்று மூளை அலறும். பிற்பாடு வந்த சைலோகெய்ன் வகை மருந்துகளின் நல்ல காலம், அவை முதல் வாசலோடு நின்றுவிட்டன. 1904-ல் ஐன்ஹார்ன் செய்த புரோகெய்ன், 1943-ல் சுவீடனில் லெஃப்கிரென் செய்த லிக்னோகெய்ன் (சைலோகெய்ன் என்பது இதன் விற்பனைப் பெயர்) எல்லாம் அந்தத் தேடலில் வந்தவை.

இங்கே என் கதை கொஞ்சம். கண் மருத்துவமனைக்கு வரும் முன்பு, 1990-களில், வேறொரு தனியார் மருத்துவமனையில் ஐந்து வருடம் இருந்தேன். அங்கே அனஸ்தீஷியா டெக்னீஷியனாக ஓர் அண்ணன். எனக்கு தியேட்டர் வேலையைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அவருக்குச் சிறுநீரகக் கல் வலி வந்தது. வலிக்குப் போட்ட பென்டசோசின் ஊசி, கல் போன பிறகும் நிற்கவில்லை. முதலில் வாரம் ஒன்று, அப்புறம் தினம். ஓர் இளம் டாக்டர், அண்ணன்மேல் உயிராக இருந்தவர், யாருக்கும் தெரியாமல் அதை விடவைக்க டயஸிபாம் என்ற தூக்க மாத்திரை கொடுத்தார். அண்ணன் இரண்டையும் எடுத்துக்கொண்டார். ஆம்பூல் (ஊசி மருந்துக் குப்பி) கணக்கு உதைத்த ஒரு நாள், 'கை தவறி உடைந்தது' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம். விஷயம் வெளியே வந்தபோது நிர்வாகம் ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்பியது. சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். கடைசி வாரம் வார்டுக்கு வெளியே அவருடைய அம்மா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பையில் அண்ணனுக்குப் பிடித்த அதிரசம் இருந்தது.

ஃபிளைஷலின் கதையைக் கேட்டபோது எனக்கு வியன்னா மறந்துபோய்விட்டது.

பெர்க்காஸே என்பது இறக்கமான தெரு. முட்டிவலி உள்ளவர்கள் கவனம், இறங்கியதை மறுபடி ஏறித்தான் வரவேண்டும். 19-ஆம் எண் வீட்டு வாசலில் கூட்டம் இருந்தது. ஃபிராய்ட் 1891 முதல் 1938-ல் நாஜிகளுக்குத் தப்பி லண்டன் போகும்வரை வாழ்ந்த வீடு, 1971 முதல் அருங்காட்சியகம். உள்ளே போக இந்த நடையில் இடமில்லை, தனி டிக்கெட். எனக்கு அதில் குறையில்லை. கோகெய்ன் கதை நடந்ததெல்லாம் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பு. ஃபிளைஷல் இறந்ததும் ஃபிராய்ட் இங்கே குடிவந்ததும் ஒரே இலையுதிர்காலம் என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த அம்மா நகர்ந்தார்.

ஃபிராய்டை அவர் திட்டவில்லை. பூசி மெழுகவும் இல்லை. 1886-ல் எர்லன்மெயர் என்ற ஜெர்மன் மருத்துவர், மதுவுக்கும் மார்ஃபினுக்கும் அடுத்து மனித குலத்தின் மூன்றாவது சாபம் கோகெய்ன் என்று எழுதினார். ஃபிராய்ட் 1887-ல் பதில் எழுதும்போது, ஏற்கெனவே மார்ஃபினுக்கு அடிமையானவர்கள்தான் கோகெய்னுக்கும் அடிமையாகிறார்கள் என்றார், பழியை ஊசியின் மேல் போட்டார். முன்பு ஊசியாகப் போடலாம் என்று அவரே எழுதியிருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு பக்கங்களையும் நகலெடுத்து எங்கள் கையில் கொடுத்து, ஆங்கிலத்தில் வரிவரியாகச் சொல்லிக்காட்டினார். 32 யூரோவுக்கு இந்தத் தாள்கள் மட்டுமே போதும் என்று தோன்றியது.

ஏறி வரும்போது அமெரிக்க சர்ஜன் ஹால்ஸ்டெட்டைப் பற்றிச் சொன்னார். கோலரின் செய்தியைப் படித்து, நரம்பைத் தேடி கோகெய்ன் ஊசி போட்டு அந்தப் பகுதியை மட்டும் மரக்கவைக்கும் முறையை நியூயார்க்கில் ஆரம்பித்தவர்களில் ஒருவர். தங்கள் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார்கள். அவர் அடிமையானார். மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். அப்புறம் மார்ஃபினோடு வாழ்நாள் முழுக்க வாழ்ந்துகொண்டே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நவீன அறுவை சிகிச்சைக்கே அடித்தளம் போட்டார். கையில் சொறி வந்த தியேட்டர் நர்ஸ் ஒருவருக்காக ரப்பர் கையுறை செய்யச் சொன்னவரும் அவரே. பின்னால் அந்த நர்ஸையே கல்யாணம் செய்துகொண்டார். நான் தினமும் மாட்டிய கையுறைக்குள்ளும் இந்தக் கதை இருக்கிறது. இதை இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார், மூச்சு வாங்கிக்கொண்டே. எனக்கு இன்னும் கேட்க வேண்டும்போல் இருந்தது.

இப்போது குறைகள். வோட்டிவ் தேவாலயத்துக்கு முன்னால் உள்ள பூங்காவில் பெஞ்சில் உட்காரவைத்து இருபதாம் நூற்றாண்டை முழுசாகப் பத்து நிமிடத்தில் சொன்னார். கோகா ஒயின் விற்ற மரியானி, அதைப் பாராட்டித் தங்கப் பதக்கம் கொடுத்த போப் பதின்மூன்றாம் லியோ, 1886-ல் அட்லாண்டாவில் பெம்பர்ட்டன் உருவாக்கிய கோகா கோலா, 1914-ல் கோகெய்னைக் கட்டுப்படுத்திய அமெரிக்காவின் ஹாரிசன் சட்டம் என்று ரயில் ஜன்னலில் போவதுபோல எல்லாம் ஓடின. 1986-ல் அமெரிக்கா போட்ட சட்டத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். மூக்கில் உறிஞ்சும் தூள் 500 கிராம் வைத்திருந்தால் என்ன குறைந்தபட்ச தண்டனையோ, அதே ஐந்து வருடம் புகைக்கும் கிராக் கோகெய்ன் 5 கிராமுக்கு. இரண்டும் ஒரே பொருள். கிராக் வழக்குகளில் சிறைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 2010-ல்தான் அந்த நூறு மடங்கு பதினெட்டு மடங்காகக் குறைந்தது. வலிக்கு மருந்தெடுத்த பேராசிரியருக்கு நினைவுச்சின்னம், தெருவில் எடுத்தவனுக்குச் சிறை என்பதை இங்கே இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய குறை, இலையைப் பற்றி ஒன்றுமே இல்லை. கதை ஆய்வகத்தில் ஆரம்பிக்கிறது. பெருவிலும் பொலிவியாவிலும் மலைவாசி மக்கள் பல ஆயிரம் வருடமாக அந்த இலையை மென்று வாழ்கிறார்கள். பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்தில் ஸ்பானியர்கள் அவர்களைக் கசக்கிப் பிழிந்தபோது அந்த இலைதான் பசியை அடக்கியது. சாம்பலோ சுண்ணாம்போ சேர்த்துத்தான் மெல்வார்கள், அப்போதுதான் சாறு இறங்கும். நம் ஊரில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற அதே கை. இலையில் கோகெய்ன் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவு, மெதுவாக இறங்கும், அதனால் மூளைக்கு அந்தத் திடீர் ஏற்றம் கிடையாது. பிரித்துத் தூளாக்கி, ஊசியில் ஏற்றி, புகையாக்கி, வேகத்தைக் கூட்டக் கூட்டத்தான் பிடியும் இறுகியது. நடை முடிந்ததும் இதை அவரிடம் சொன்னேன். கல்கத்தாவில் நூறு வருடத்துக்கு முன்பு வெற்றிலைக்குள் கோகெய்ன் வைத்து விற்ற கதையையும், அதற்காக ஜப்பானிலிருந்து 'ஃபுஜித்சுரு' முத்திரை போட்ட பொட்டலங்கள் கடத்தி வரப்பட்டதையும் சொன்னேன். ஓய்வு பெற்ற பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவை இவை. மறுப்புச் சொல்லாமல் கேட்டார். அடுத்த முறை முற்றத்தில் ஆரம்பிக்கும்போதே இலையிலிருந்து ஆரம்பிப்பதாகச் சொன்னார். செய்வார் என்று நம்புகிறேன்.

இன்னொன்று, அவர் சரியாகச் செய்தது. அபின் வகை அடிமைத்தனத்துக்கு மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்று மருந்து இருக்கிறது. கோகெய்ன் அடிமைத்தனத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை, பேச்சும் பயிற்சியும், பரிசோதனையில் சுத்தமாக வந்தால் சின்னப் பரிசு கொடுத்து ஊக்கப்படுத்தும் முறையும்தான் பலன் தருகின்றன என்று தெளிவாகச் சொன்னார். வந்தவர்களில் யாருக்காவது வீட்டில் தேவைப்பட்டால் என்று உதவி எண்கள் உள்ள ஒரு சீட்டையும் எல்லோர் கையிலும் கொடுத்தார். கேட்டவர்களுக்கு மட்டும் என்று இல்லாமல் எல்லோருக்கும் கொடுத்ததால், வாங்கிக்கொள்ள யாரும் கூச வேண்டியிருக்கவில்லை.

கடைசி நிறுத்தம் பல்கலைக்கழகத்தின் தூண் மண்டபம். நான்கு பக்கமும் பேராசிரியர்களின் நினைவுச் சிலைகள். ஃபிராய்ட் இருக்கிறார், பக்கத்தில் நின்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஃபிளைஷலும் அதே மண்டபத்தில் இருக்கிறார். அவர் முன்னால் எங்கள் ஒன்பது பேரைத் தவிர யாரும் இல்லை. அந்த அம்மா இங்கே பேசவே இல்லை. ஐந்து நிமிடம் சும்மா நிற்கவிட்டார். பிறகு என் அருகில் வந்து, அழுகிறீர்களா என்று கேட்காமல், ஒரே ஒரு விஷயம் சொன்னார்: ஃபிளைஷலின் அம்மா ஈடா, மகனுக்குப் பிறகு 1899 வரை உயிரோடு இருந்தார் என்று.

போக நினைப்பவர்கள் கழிப்பறைக்கு ஆரம்பத்திலேயே போய்விடுங்கள், நடுவில் கிடையாது. தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வயதுப் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம். பதினாறு வயதுப் பிள்ளைகளை அவசியம் அழைத்துப் போங்கள். மருந்தைத் தொட்டு வேலை செய்கிற யாராக இருந்தாலும், நர்ஸோ, டெக்னீஷியனோ, மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவரோ, வியன்னா வந்தால் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். அந்த அரை, இலைக்காக.

அன்று ராத்திரி மதுரைக்குப் போன் போட்டேன், அந்த அண்ணனின் மனைவிக்கு. வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு மட்டும்தான் பேசுவோம். ஊர் எப்படி இருக்கு, குளிரா என்றெல்லாம் கேட்டார். நான் ஃபிளைஷலின் கதையை முழுக்கச் சொன்னேன். பதிவேட்டில் நான் எழுதிய அந்த ஒரு வரியையும் முதல்முறையாகச் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்த டாக்டருக்கு அம்மா இருந்தாங்களா?" என்று கேட்டார்.

"இருந்தாங்க அண்ணி. பையன் போனப்புறம் எட்டு வருஷம் இருந்தாங்க."